சுனைப் படியின் பழுப்பு வழுக்கல்

எங்கள் சித்தப்பா, சின்ன நைனாவின் மூத்த மகள் கௌரியம்மாள், எனக்கு அக்கா முறை. கே.ஜி.கண்டிகையில் பிறந்து திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் துளசிங்கம் பாவாவுக்கு மலைமேல் வேலை. மடைப்பள்ளிப் பாத்திரம் கழுவச் சுனையிலிருந்து தண்ணீர் சுமப்பார். ஐம்பத்து நான்காம் வருஷம் ஆடி மாதம், மூன்றாம் படியில் படிந்திருந்த பழுப்பு வழுக்கலில் கால் வைத்தவர் குடத்தோடு விழுந்தார். இடுப்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் எழுந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை. குடம் மகள் ரஞ்சிதத்திடம் வந்தது.

இவளும் அங்கேயே விழுந்துவிடுவாள் என்ற பயம் அக்காவைப் பிடித்துக்கொண்டது. தினம் மகளுக்கு முன்னால் போய்ப் படிகளைத் தேய்ப்பாள். பாத்திரம் துலக்குகிற உமிச்சாம்பலும் தேங்காய் நாரும்தான். தேய்த்த சாம்பலைச் சுனைத் தண்ணீராலேயே கழுவிவிட, அது சுனைக்குள்ளேயே இறங்கும். படி பளிச்சென்று ஆகும். தினம் தேய்த்தும் நாலாம் நாள் மறுபடி பழுப்பு. ஒரு கூடை சாம்பல் இரண்டு கூடையானது.

"யம்மா, நீ தேய்க்கிற தேய்ப்புல மலையே கரைஞ்சிடப் போவுது."

"கரையட்டும்டி. நீ பாத்துக் கால வை."

ஐம்பத்தேழில் பட்டணத்துக் காலேஜ் வாத்தியார் விஸ்வேஸ்வரன் சுனைப் பாசிகளை ஆராய வந்தார். அந்த வழுக்கலையே சுரண்டிச் சீசாவில் போட்டுக்கொண்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மொத்தத்தையும் எடுத்துக்கினு போங்க சாமி, புண்ணியமாப் போவும்."

அவர் தம் மைக்ராஸ்கோப்பில் அவளைப் பார்க்கச் சொன்னார். குட்டிக் குட்டிக் கண்ணாடிப் படகுகள், உடம்பெல்லாம் கோடு.

"உயிருள்ளதும்மா. கண்ணாடியால ஓடு கட்டிக்குது. டப்பாவும் மூடியும் மாதிரி ரெண்டு பாதி. ஒண்ணு ரெண்டாப் பிரியறப்போ ஆளுக்கொரு பாதி எடுத்துக்கும். இன்னொரு பாதிய உள்ளயே புதுசாக் கட்டிக்கும்."

"கண்ணாடிக்கு எங்க போவுது?"

"பாறையிலயும் மணல்லயும் இருக்கிற சத்து தண்ணியில கரையுது இல்லையா, அதை உறிஞ்சித்தான். அந்தச் சத்து நெல்லு உமியிலயும்..." என்றவர், அவள் கூடையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க."

"இந்தச் சாம்பல்ல முக்காலும் அதுதாம்மா. பாறையவிடச் சீக்கிரம் கரையும்."

மூன்று வருஷம். அக்கா கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"அப்ப நானே ஆக்கிப் போட்டு வளத்துகினு இருந்தேனா?"

இனிச் சாம்பல் போடாவிட்டால் போய்விடுமா என்று கேட்டாள். அடியில் படிந்த சாம்பல் இன்னும் எத்தனையோ வருஷத்துக்குக் கரையும், அது தீர்ந்தாலும் மலை இருக்கிறதே என்றார்.

சாம்பலை நிறுத்தினாள். வெறும் நாரால் விரல் தோல் உரியத் தேய்த்தாள். அந்த ஐப்பசி மழையில், அதே மூன்றாம் படியில், ரஞ்சிதம் விழுந்தாள். வலது முழங்கை உடைந்தது. கட்டுப் போட்டும் கை நீளவில்லை. கல்யாணப் பேச்சு வந்த இடம் வாயை மூடிக்கொண்டது. ஐம்பது வயதில் அக்கா குடத்தை எடுத்தாள்.

தை மாதம் வாத்தியாரிடமிருந்து தபாலில் ஒரு போட்டோ வந்தது. வெளிச்சத்துக்குப் பதிலாக மின்சாரத்தால் பார்க்கிற பெரிய கருவியில் வைத்து எடுத்ததாம், நம் சுனை ஓடுதானாம். கோடு என்று அன்றைக்குப் பார்த்தது ஒவ்வொன்றும் துளை வரிசை. ஒவ்வொரு துளைக்குள்ளும் சல்லடை போல இன்னும் பொடித் துளைகள். ஒன்றுகூட வரிசை தப்பவில்லை.

பாவா படுத்தபடியே வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ அழகா இருக்குது. இதுவா என்னைத் தள்ளிச்சி?"

"உங்களைத் தள்ளினது அது. இவளைத் தள்ளினது நான்," என்றாள் அக்கா.

"யம்மா, சும்மா இரு," என்றாள் ரஞ்சிதம், மடங்கிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு சொந்த அடுப்புச் சாம்பலைக்கூட அக்கா வெளியே கொட்டியதில்லை. பானையில் சேர்த்துச் சேர்த்துக் கட்டிலடியில் மூடிவைத்தாள். பானை நிறைந்ததும் அடுத்த பானை. மலையடிவாரத்தில் இருக்கிற வீட்டிலிருந்து சாம்பல் மேலே ஏறிச் சுனைக்குப் போகாது என்று நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

"ஆங், தெரியும்," என்பாள். மறுபடி மூடியை அழுத்துவாள்.