சத்தமில்லாமல் உடைந்த பூச்சாடி

புகழ்பெற்ற எழுத்தாளர்கள் காதலித்த கதைகளை அந்த ஸ்டுடியோ படம் படமாக எடுத்துத் தள்ளியது. கவிஞரும் நாவலாசிரியையும், இல்லையென்றால் நாவலாசிரியரும் கவிதாயினியும். அந்தக் காலத்து உடையும் வண்டியும்தான் மாறும். அவர்கள் எழுதுவதைப் பார்த்தவர் குறைவு. காகிதத்தில் பேனாவை வைத்ததும் யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், மைக்கூடு பறக்கும்.

அந்த மைக்கூட்டைச் செய்பவரை ஸ்டுடியோவில் உடைசல் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பிசினும் மெழுகும் காய்ச்சி அச்சில் ஊற்றி, பழங்காலத்துக் கிண்ணம், பூச்சாடி என்று எறிவதற்குத் தோதாகச் செய்து கொடுப்பார். மண்டையில் பட்டாலும் வலிக்காது. ஊரார் காதலுக்கெல்லாம் இவர் சாமான்தான் உடைந்தது. இவரோ வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை. மனைவிக்கு அதுதான் குறை.

"ரெண்டு மாசம்னு வந்தாரு உங்க அண்ணன். நாலு வருஷமாச்சு. முன்னறையில அவர் காலை நீட்டிக்கிட்டு இருக்காரு, நான் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல உக்காந்து தைக்கிறேன். திங்கட்கிழமை மெஷினை எங்க அக்கா வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"நீ?"

"மெஷின் தனியா தைக்குமா?"

அண்ணனிடம் சாதாரணமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று உடைசலுக்குத் தோன்றவே இல்லை. அத்தனை படத்துக்கு வேலை பார்த்தவர். முக்கியமான பேச்சை எதையாவது உடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று நம்பினார். படத்தில் நாவலாசிரியை எறியாமல் மிச்சம் வைத்த நீலப் பூச்சாடி ஒன்றைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஞாயிறு காலை அண்ணன் டிவியில் அதே மாதிரிப் படமொன்றைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உடைசல் கண்ணை இறுக மூடிக்கொண்டு பூச்சாடியைச் சுவரில் வீசினார்.

பொத்தென்று ஈரத்துணி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். படத்தில் கேட்கும் சிலீர் ஓசையைப் பிறகு வேறொருவர் சேர்க்கிறார் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தியேட்டரில் கேட்டுக் கேட்டு, தன் சரக்கே அப்படித்தான் உடைகிறது என்று நினைக்கப் பழகிவிட்டார்.

"மறைக்காம நில்லுடா. அவ ஊரைவிட்டுப் போற சீன்" என்றார் அண்ணன்.

சத்தம் காலை வாரிய பிறகு கையில் இருந்தது பேச்சு மட்டுமே. உடைசல் டிவியை அணைத்தார்.

"அண்ணே, இந்த ரூம் எங்களுக்கு வேணும். அவ தைக்கணும். நீங்க உங்க மக வீட்டுக்குப் போயிருங்களேன்."

அண்ணன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

"இதை இத்தனை நாளா ஏன்டா சொல்லல?"

"கோபம் வரட்டும்னு இருந்தேன்ணே."

"வந்துச்சா?"

"இல்ல."

"நல்ல ஆளுடா நீ. மக கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா. நான் போனா நீ வருத்தப்படுவியேன்னு உக்காந்திருந்தேன்."

அது முழு உண்மையா, பாதியா என்று உடைசல் துருவவில்லை. சாயங்காலமே மகள் வண்டியோடு வந்துவிட்டாள். டிவி அண்ணனுடையது; அதுவும் ஏறிப் போயிற்று. திங்கட்கிழமை மெஷின் முன்னறை ஜன்னலடிக்கு நகர்ந்தது.

"என்ன இருந்தாலும் அவர் முகம் வாடிப்போச்சுங்க" என்றாள் மனைவி, ஊசியில் நூலைக் கோத்தபடி. "நீங்க கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்."