போட்டு வாறம்

எழுபத்தாறாம் ஆண்டு மே மாதக் கடைசி. மெல்பேர்ணிலிருந்து வந்து, பாதி மலை ஏறி, ஒரு தகரக் கொட்டிலில் நிற்கிறோம். பனி விழ இன்னும் நாள் கிடக்கு என்று அடித்துச் சொன்னவன் நான்தான். வெளியே கணுக்கால் வரை பனி.

கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரக் கிழவர் ஒரு கொப்பியை நீட்டுகிறார். ஏறுகிறவர்கள் பெயரும் போகுமிடமும் எழுதவேண்டும். காணாமல் போனால் தேடுவதற்காம். எல்லோரும் ‘உச்சிக்குப் போகிறோம்’ என்றே எழுதியிருக்கிறார்கள்.

“போறம் எண்டு எழுதாதேங்கோ,” என்கிறாள் மனைவி யோகம். “வெளிக்கிடேக்க ஆரும் அப்பிடிச் சொல்லுவினமே? போட்டு வாறம் எண்டு எழுதுங்கோ.”

இந்தக் குளிரில் ஆர் வாதாடுவது? அதையே இங்கிலீசில் எழுதுகிறேன்: உச்சிக்குப் போய் வருகிறோம். கிழவர் அதை இரண்டுதரம் வாசிக்கிறார்.

அரை மணித்தியாலம் ஏறியதும் பாதையெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ். யோகம் சறுக்கி, என் கோட்டைப் பிடித்து நிற்கிறாள். உச்சியோ கிட்டத்தில் தெரிகிறது. இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்கிறேன்.

“வாறம் எண்டெல்லோ எழுதிப்போட்டு வந்தனாங்கள்,” என்கிறாள் மெல்ல.

கையைப் பிடித்தபடி இறங்குகிறோம்.

கொட்டில் கதவைத் திறந்தால் அடுப்பில் கேத்தல் கொதிக்கிறது. மேசையில் மூன்று கோப்பைகள்.

“இவ்வளவு கெதியாக வருவோமென்று எப்படித் தெரியும்?” என்று கேட்கிறேன்.

“தெரியாது,” என்கிறார் கிழவர். “வருகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போன கையோடு வைத்துவிட்டேன். முதல் கேத்தல் வற்றிப்போய்விட்டது.”