சூடம் அணைக்காத கைகள்

பசுமலைச் சரிவில் இருக்கும் அந்த பங்களாவுக்கு என்னைக் கூப்பிட்டது கவிதை வாசிக்க. மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் வைத்திருப்பவர் தன் கூட்டாளிகளுக்கு மதிய விருந்து கொடுத்தார். நான் தமிழ் சொல்லித்தரும் மிஷன் பள்ளிக்கூடத்தில்தான் அவரும் படித்தவர். அதனால் உரிமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். நூற்பாலைக்காரர் ஒருவர், ஆஸ்பத்திரிகள் கட்டியவர் ஒருவர், வரிசையாக நகைக்கடைகள் திறந்தவர் ஒருவர். ஜன்னலுக்குக் கீழே மதுரை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. தூரத்தில் கோபுரங்கள் புகை போலத் தெரிந்தன. உள்ளே ஏசி குளிர்ந்தது.

ஆஸ்பத்திரிக்காரர்தான் தொடங்கினார். இந்த ஜனத்துக்கு ஓட்டு சரிப்படாது என்றார். நூற்பாலைக்காரர் தலையாட்டினார். பிறகு பேச்சு ஐரோப்பாவுக்குப் போனது. போன நூற்றாண்டில் அந்தக் கண்டத்தையே சுடுகாடாக்கிய சர்வாதிகாரிகளைப் பற்றி, சொந்தப் பெரியப்பாவைப் பற்றிப் பேசுவது போல வாஞ்சையாகப் பேசினார்கள். அவர்கள் போட்ட ரோடு, நடத்திய அணிவகுப்பு, ஒரு சொல்லுக்கு ஊரே எழுந்து நின்ற அழகு. அவர்கள் கொன்றவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நடுவில் மட்டன் நன்றாக வெந்திருக்கிறது என்று ஒரு பாராட்டு வந்தது.

குவாரிக்காரர் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மேல இருந்து புடிக்கப் போனா ஊரு ஒலகமெல்லாம் சத்தம் போடும். கீழ இருந்து புடிக்கணும். பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தாத்தானே பிரச்சினை? நடக்கவே விடக்கூடாது. போட்டியில்லாம நம்ம ஆளு உக்காரணும். ஊரே ஒத்துமையாக் குடுத்த மாதிரி இருக்கணும்."

மலையைச் சுற்றியுள்ள ஊர்களை முதலில், பிறகு ஒன்றியம், பிறகு மாவட்டம், அப்புறம் அதற்கு மேலே என்று விரலால் மேஜைவிரிப்பில் கோடு இழுத்துக்கொண்டே போனார். எந்தக் கட்சி ஜெயித்தாலும் கீழே இருக்கும் நாற்காலி எல்லாம் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. முதல் ஊர் என்று அவர் சொன்னது நான் பிறந்த ஊர். நான் அந்த ஊர்க்காரன் என்பது அவருக்குத் தெரியாது, அல்லது கவிதை வாசிக்க வந்தவனுக்கு ஊர் இருக்கும் என்று தோன்றவில்லை. சாப்பாடு முடிந்ததும் வாசிக்கலாம் என்றார்கள். பாயசம் வருவதற்குள் நான் கீழே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன்.

மாட்டுத்தாவணியில் பஸ் மாறி மேலூருக்குப் போனேன். நான் ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவன். பஸ் ஓடினாலே பாதி மனம் ஆறிவிடும். அன்று ஆறவில்லை. வயலெல்லாம் பச்சை தகதகத்தது, அதற்குப் பின்னால் மைசூர்பாகு வெட்டியது போல மலைகள் சதுரம் சதுரமாக அறுபட்டுக் கிடந்தன. எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு பாறைதான் மிச்சம். அதன் காலடியில் வயலுக்குத் தண்ணீர் தரும் கண்மாய். பஞ்சாயத்துத் தலைவர் குவாரிக்காரரின் ஆளாகிவிட்டால் பாறையும் போகும், குவாரிக் கழிவில் கண்மாயும் மூடும். கேட்பதற்குக் கிராம சபையில் ஒரு குரல் மிஞ்சாது.

மேலூரில் ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே டிபன் கடை வைத்திருப்பவள் என் அக்கா. லாரி ஓட்டிய மாமா இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகளைச் சிவகங்கையில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக ஊரில் இருக்கிறாள். காலையில் முதல் பஸ்ஸில் மேலூருக்கு வந்து கடை திறப்பாள். அலுவலகத்தில் யார் எந்தக் காகிதத்துக்கு அலைகிறார்கள் என்பது அவள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். வாய் அதிகம். சட்னி காரம் என்று சொன்னவனிடம் வீட்டில் போய் உன் பொண்டாட்டி வைக்கிற சட்னியைச் சாப்பிடு என்று சொல்லி அனுப்பியவள்.

நான் பார்த்ததைச் சொன்னேன். வடையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள். கவிதை வாசித்தாயா என்றாள். இல்லை என்றேன்.

"நல்ல வேளை. அவுக தின்ன மட்டன் செமிச்சிருக்காது."

சொல்லிக்கொண்டே பார்சல் கட்டப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. வரி கொடுத்தவன் மந்தையில் உட்காரலாம், பேசலாம், ஊர் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும். கணவனை இழந்த பெண்ணிடம் வரி வாங்குவதில்லை. இரக்கத்தால் வந்த வழக்கம் என்று சொல்லுவார்கள். வரி இல்லை, அதனால் மந்தையில் இடமும் இல்லை. எனக்கும் இல்லை. கிறிஸ்தவப் பெண்ணைக் காதலித்துக் கட்டி பசுமலையில் குடியேறியபோதே என் வரியை நிறுத்திவிட்டார்கள். ஆகவே நான் பெண்கள் நிற்கும் பக்கம், வேப்பமர நிழலில், அக்காவோடு நின்றேன்.

மந்தையின் இரண்டு பக்கமும் சாம்பல் நிற டீ-ஷர்ட் போட்ட இளைஞர்கள் வரிசையாகக் கைகட்டி நின்றார்கள். முதுகில் ஒழுங்குப் படை என்று எழுதியிருந்தது. எல்லாம் எங்கள் ஊர், பக்கத்து ஊர்ப் பையன்கள்தான். குவாரிக்காரர் கொடுத்த உடுப்பு, குவாரிக்காரர் கொடுத்த பைக். அவர் மைக்கில் மென்மையாகப் பேசினார். தேர்தல் வந்தால் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிறார்கள். ஒரே ஊர், ஒரே குரல், ஒரே தலைவர் என்று இருந்தால் கோயிலைப் புதுப்பித்துக் குடமுழுக்கு நடத்தித் தருகிறேன் என்றார். தலைவராகத் தன் குவாரி மேனேஜரைக் காட்டினார். மேனேஜர் எங்கள் ஊர்க்காரர்தான். எழுந்து எல்லாரையும் கும்பிட்டார்.

ஊருக்குப் பெரியவரை அம்பலம் என்போம். அவர் தாம்பாளத்தில் சூடம் ஏற்றினார். எங்கள் பக்கத்தில் அதுதான் கடைசிச் சத்தியம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல்லை மீறியவன் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு தலைக்கட்டாக எழுந்து வந்தார்கள். என் வீட்டிலிருந்து யாரும் தேர்தலில் நிற்க மாட்டோம் என்று சொல்லிச் சூடத்தை அணைத்தார்கள். சிலர் குனிந்த தலையோடு. சிலர் சாம்பல் டீ-ஷர்ட்டுகளைப் பார்த்துவிட்டு. அணைய அணைய அம்பலம் புதிதாக ஏற்றினார். காற்றே கற்பூரமாகியது. ஒரு துப்பாக்கி இல்லை, ஒரு கூச்சல் இல்லை, கண் முன்னால் ஒரு தேர்தலைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேட்புமனு கொடுக்க ஒருவர் முன்மொழிந்தால் போதும். மறுநாள் அக்கா மனுக் கொடுக்கக் கிளம்பியபோது கூட வந்ததோ ஒரு மினிவேன் நிறைய. எல்லாரும் எங்கள் ஊர்க் கைம்பெண்கள். ஊர் எல்லையில் சாம்பல் டீ-ஷர்ட் பையன்கள் பைக்கைக் குறுக்கே போட்டார்கள். வேனுக்குள் ஒருவனுடைய சின்னம்மாவும் இருந்தாள். எங்கே போறீக என்று அவன் தயங்கிக் கேட்டான். அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஒங்க மொதலாளிக்குப் பொண்ணு பாக்கப் போறோம். வண்டிய எடுடா, நல்ல நேரம் போகுது."

வேனே சிரிப்பில் குலுங்கியது. அவன் பைக்கை நகர்த்திவிட்டான். பெற்ற தாய்க்கு அடுத்து நிற்பவளைத் தடுக்க எந்த உடுப்பிலும் துணிச்சல் தைத்துக் கொடுப்பதில்லை.

அக்கா மனு கொடுத்த செய்தி போய்ச் சேர்ந்ததும் குவாரிக்காரர் அம்பலத்தைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். நான் அப்போது கல்லாப்பக்கம் நின்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். டீ கேட்டார். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். சக்கரை போதுமா என்றும் விசாரித்தாள். ஊர் ஒற்றுமையை உடைக்கிறாயே என்று அவர் வருத்தப்பட்டார். மிரட்டல் எதுவும் இல்லை, வருத்தம்தான். அது இன்னும் பயமாக இருந்தது. அம்பலம்தான் பொறுமை இழந்தார்.

"ஊரே சூடம் அணைச்சிருக்கு தாயி. நீ மட்டும் ஊரு இல்லையா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதத்தான் அம்பலம் நானும் கேக்குறேன். அவுக போனப்புறம் வரிக்கு என் வீட்டுப் படி ஏறினீகளா? நீ தலைக்கட்டு இல்லன்னு தாண்டிப் போனீக. மந்தைல ஒரு நா ஒக்காரச் சொன்னீகளா? இம்புட்டு வருசமா நான் ஊரு இல்ல. சத்தியத்துக்கு மட்டும் ஊராயிருவேனா? சூடத் தட்ட எங்க பக்கம் கொண்டாரவே இல்லையே."

அம்பலம் பொய்யர் இல்லை. சத்தியத்தின் சட்டம் அவருக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். குவாரிக்காரர் பக்கம் திரும்பினார்.

"அது சொல்றது ஞாயம் மொதலாளி," என்றார். "அதுகள நாம கேக்கல."

குவாரிக்காரர் முகத்தில் முதல் தடவையாக ஒரு குழப்பத்தைப் பார்த்தேன். கட்சிகளையும் அதிகாரிகளையும் அணிவகுப்புகளையும் யோசித்து வைத்திருந்தவர் இந்தப் பெண்களை யோசிக்கவில்லை. அவர்கள் மந்தையில் இல்லை, ஆகவே உலகத்தில் இல்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்று என் அக்காவை நினைத்து எனக்கு வந்த கர்வத்தை எந்தக் கவிதை வரியிலும் நான் அடைத்ததில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவளே போதும் என்றாள்.

பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மனுக் கொடுக்கக் கடைசி நாளில் இன்னொரு பெண்ணும் நின்றார். அங்கன்வாடி டீச்சர், ஓய்வு பெற்றவர். அவரும் கணவனை இழந்தவர், அவரும் சூடம் அணைக்காதவர், அவரும் அந்த மினிவேனில் போனவர்தான். ஓட்டுப் பிரிந்தால் மேனேஜர் உள்ளே வந்துவிடுவார் என்று அக்காவிடம் படபடத்தேன். டீச்சரை வாபஸ் வாங்கச் சொல் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்தப் பசுமலை மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது.

"நிக்காதன்னு சொல்றதுக்கா நான் நின்னேன்? போடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஓட்டுப் பதிவன்று அம்பலம் வரிசையில் முதல் ஆளாக நின்றார். நிற்க மாட்டோம் என்றுதான் சத்தியம், போடமாட்டோம் என்று இல்லை என்பதை அவர் யாரிடமும் விளக்கவில்லை. சும்மா போய் நின்றார். அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. வேட்டி, லுங்கி, நைட்டிமேல் துண்டு, வெளியூரில் வேலை பார்த்து முந்தின பஸ்ஸில் வந்திறங்கிய ஜீன்ஸ். சாம்பல் டீ-ஷர்ட்டுகளும் நின்றன. அட்டை மறைப்புக்குப் பின்னால் எந்தச் சின்னத்தில் முத்திரை குத்தினார்கள் என்பது அவரவர் கைக்குத்தான் தெரியும். எனக்கு ஓட்டு மதுரையில். தள்ளி நின்று அந்த வரிசையைப் பார்த்தேன். மெதுவாக நகர்ந்தது. நான் பார்த்த எந்த அணிவகுப்பைவிடவும் அழகாக இருந்தது. ஒருவர் கால் இன்னொருவர் காலோடு சேரவே இல்லை.

எண்ணிக்கை மேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மதியத்துக்கு மேல் முடிவு சொன்னார்கள். டீச்சர் ஜெயித்தார். மேனேஜர் இரண்டாவது. அக்கா மூன்றாவது. டீச்சர் கையால் முட்டையும் சத்துமாவும் தின்று வளர்ந்த ஊர் அது. அக்காவின் வாயில் திட்டு வாங்கி வளர்ந்த ஊரும் அதுதான். பள்ளி வாசலில் அவள் வெளியே வந்தபோது நான் எதையோ தேற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"எதுக்குடா மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? தோத்தேன். ஓட்டுல தோத்தேன். அந்தாளு அணைக்க வச்ச சூடத்துல தோக்கல."

பூக்கடையில் தனக்கென்று சொல்லி வைத்திருந்த மாலையை வாங்கிவரச் சொன்னாள். நல்ல கனமான சம்பங்கி மாலை. கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு போய் டீச்சர் கழுத்தில் போட்டாள். டீச்சர் கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கலங்கவில்லை.

"மொத கிராம சபைய எப்பக் கூட்டுறீக டீச்சர்? கண்மாய்தான் மொதத் தீர்மானம். தள்ளிப் போட்டா எந்திரிச்சுக் கேப்பேன். நாளைல இருந்து ஒங்களுக்கு எதிர்க்கட்சி நான்தான்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரும் கூட்டத்திலேயே என்றார். நாலு பேர் கேட்க இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் அக்கா. டீச்சர் சொன்னார்.