நடுத்தெருவில் குடையோடு நின்றவர்

போன மழைக்காலத்தில் நடந்தது இது. பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் மழை விட்டு இரண்டு நாளாகியும் தண்ணீர் வடியவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, டீ நிறத்தில் அப்படியே கிடந்தது. ஆனால் மழைதான் விட்டுவிட்டதே, பள்ளி, கல்லூரி எதற்கும் லீவு இல்லை. என் மகளுக்கு அன்று செமஸ்டர் பரீட்சை. ஒன்பதரைக்குள் தாம்பரம் தாண்டி அவளைக் கொண்டுபோய் விட வேண்டும்.

காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போனபோது, தெரு நடுவில் ஒரு முருங்கைக் கிளை நட்டுவைத்த மாதிரி நின்றது. எனக்கு எதையும் ஒழுங்குபடுத்தாமல் இருக்க முடியாது. ஸ்கூட்டரில் வரும்போது இடிக்குமே என்று அதைப் பிடுங்கி மதிலோரம் வீசினேன். ஏதோ நல்ல காரியம் செய்த திருப்தி வேறு.

எட்டரைக்கு மகளோடு கிளம்பினேன். அதே இடத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். மடக்கிய குடையை நீட்டி, வருகிற எல்லாரையும் ஓரமாகப் போகச் சொன்னார். எனக்கு இருந்த அவசரத்தில் சுள்ளென்று கோபம் வந்தது. விடாமல் ஹாரன் அடித்தேன்.

"ஓரமா போம்மா. இங்க மூடி இல்லாத பள்ளம் கீது. வேலைக்கு வர்றப்போ கிளை நட்டு வெச்சிட்டுப் போனேன். எவனோ ஒரு அறிவாளி புடுங்கிப் போட்டுட்டான்."

மழைநீர் கால்வாயின் மூடி தண்ணீரில் நகர்ந்துபோயிருக்கிறது. காலையில் நான் கிளையைப் பிடுங்கிய இடத்திலிருந்து ஒரு எட்டு முன்னால் வைத்திருந்தால் நானே உள்ளே போயிருப்பேன். ஓரமாக வண்டியை ஓட்டினேன். போகிற வழியெல்லாம் மகள் பாடத்தைப் பற்றி ஏதோ கேட்டாள், ஒன்றும் காதில் ஏறவில்லை.

பத்து மணிக்குத் திரும்பினால், அவர் இன்னும் அங்கேயே நிற்கிறார். வண்டியை நிறுத்திவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். பெரும்பாக்கத்திலிருந்து தினமும் வந்து மூன்று வீடுகளில் வேலை செய்கிறாராம். முதல் வீட்டை முடித்துக்கொண்டு ஏழு மணிக்கு இந்தப் பக்கம் வந்தபோது கிளையைக் காணோம். யாரோ மாநகராட்சி ஆபீசுக்கு போன் பண்ணியிருக்கிறார்கள், ஆள் இன்னும் வரவில்லை. வேறொரு கிளையை நட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்றேன்.

"அதையும் ஒருத்தன் புடுங்குவான். என்னைப் புடுங்க முடியாது இல்ல?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "அக்கா, அதைப் பிடுங்கினது நான்தான்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது? காலைலேர்ந்து உன்னைத்தான் திட்டிக்கினு கீறேன்" என்று சிரித்தார். பிறகு குடையை என் கையில் கொடுத்து, "சரி, நீ நில்லு. ரெண்டு வூட்லயும் பாத்திரம் அப்படியே கிடக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆட்கள் வந்து மூடி போட மதியம் ஆனது. அதுவரை நின்றேன். முதலில் பைக்கில் வந்தவரே "நடுரோட்ல இன்னாம்மா பண்ற?" என்று எரிந்து விழுந்தார். அப்போதே குடையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன். நான் நின்றது என் தப்புக்காக. மூன்று மணி நேரம் அவர் எதற்காக நின்றார்? அந்தத் தெருவில் அவருக்குச் சொந்தம் என்று ஒரு ஆள் கிடையாது. வேலை முடிந்து வந்தவரிடம் குடையைத் திருப்பிக் கொடுத்தபோது அதைக் கேட்டேன். "தெரிஞ்சிட்டப்புறம் எப்படிப் போறது?" என்றார், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் யாரையாவது ஹீரோ என்று கொண்டாடினால், ஹாரன் அடித்த நானும் என் மகளும் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாது என்றுதானே அவர் நின்றார் என்பது நினைவுக்கு வருகிறது.