அழக்கூடாத வீடு

சாந்தோம் குப்பத்து லூர்துமேரிக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். ரங்கூன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று 1931இல் சேதி வந்தது. அன்றைக்கும் அவள் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். பேரம் பேசிய மூன்று பேரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

மகன் மாசிலாமணிக்கு அப்போது இரண்டரை வயது. எதற்கெடுத்தாலும் தரையில் விழுந்து வீறிடுவான். அந்தச் சத்தம் அவளுக்குத் தாங்காது.

"வாய மூடு! நானே அழல, நீ இன்னாத்துக்குடா அழுவுற?"

அப்படியும் நிற்காவிட்டால் முதுகில் இரண்டு அறை. குடிசைக்குள் தள்ளிப் படலைச் சாத்திவிடுவாள். நாலைந்து மாதத்தில் பையன் அழுவதையே விட்டுவிட்டான். "எம் புள்ள அடங்கிட்டான்" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

ஒரு நாள் காலை அவள் மீன் பிரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் குடிசை ஜைதூன் பீ மாசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உடைந்த கிளிஞ்சல் ஒன்று அவன் உள்ளங்காலில் ஆழமாகக் குத்தி நின்றது. ரத்தம் ஒழுகியது. அவனோ உதட்டைக் கடித்துக்கொண்டு தாயையே பார்த்தான்.

"வலைக்குப் பின்னால ஒளிஞ்சிகினு கெடந்தான்மே. ஏன்டா கூப்புடலன்னு கேட்டா, அம்மா அடிக்கும்னு சொல்றான்."

"எம் புள்ளைய வளக்க எனக்குத் தெரியும். நீ ஒன் வேலையப் பாரு!"

"இன்னாத்த வளத்த? ஒன் புருசன் மேல கீற ஆத்திரத்த இதும்மேல கொட்டிகினு கீற."

லூர்துமேரி கையை ஓங்கினாள். ஜைதூன் பீ நகரவில்லை. ஆனால் அவள் இடுப்பிலிருந்த மாசி, இரண்டு கைகளாலும் தன் தலையைப் பொத்திக்கொண்டான்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. லூர்துமேரி மகனைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு கிளிஞ்சலை உருவினாள். "வலிக்குதுன்னு கத்துடா! கத்து!" அதையும் அதட்டித்தான் சொன்னாள். அவன் கத்தவில்லை. ரங்கூன்காரனை வாயில் வந்தபடி ஏசினாள்; பிறகு தன்னையே அதைவிடக் கேவலமாக ஏசிக்கொண்டாள்.

அவன் மறுபடி வாய்விட்டு அழ ஒன்றரை மாதம் ஆயிற்று. கையிலிருந்த வறுத்த நெத்திலி மண்ணில் விழுந்ததற்குப் புரண்டு புரண்டு கத்தினான். அவளுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. விறுவிறுவென்று வெளியே போய் மணலை எட்டி எட்டி உதைத்தாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழு. அழுதுட்டு வா, வேற தர்றேன்."

அவன் லேசில் ஓயவில்லை. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தாள்.