திரையில் இருந்த பாலம்

செட்டியார்பட்டி முனீஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசியில் மூச்சிரைப்பு வந்து வேலையை விட்ட பிறகு, முப்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கணவர் பாண்டிதுரை போலீஸில் ஏட்டு. வெளி மாவட்டத்தில் வேலை. "பொம்பளைக்கு எதுக்குட்டி வாடகை வண்டி?" என்று ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்தவர், கடைசியில் அவரே மதுரையில் ஒரு டாக்டர் விற்ற பழைய காரை வாங்கி ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதானவர்கள்தான் அவளை அதிகம் கூப்பிட்டார்கள். படியேறும்போது கையைப் பிடித்துக்கொள்வாள். சொட்டு மருந்தை எத்தனை வேளை விடவேண்டும் என்று சீட்டைப் படித்துச் சொல்லுவாள்.

அந்தக் காரில் கம்பெனியே வைத்துத் தந்த மேப் திரை ஒன்று இருந்தது. ராஜபாளையத்தில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் ஜோயல் இரண்டு முறை சொல்லிவிட்டான்.

"அக்கா, இதுல இருக்கற மேப் பத்து வருசத்துக்கு முந்தினது. அப்டேட் போடுங்க. இல்லாட்டி போன்ல மேப்பை டவுன்லோடு பண்ணி வச்சுக்கோங்க."

"மலையடிவாரத்துல போன் சிக்னல் எங்க தம்பி கிடைக்கு? இது பாட்டுக்கு வேல செய்யுதுல்லா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

ஐப்பசி மாதம். நான்கு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கண் ஆபரேஷன் முடித்த மொக்கைச்சாமியையும் அவர் மனைவி முத்தாத்தாளையும் காலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வ. புதுப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தோப்பு வீடு. பெரியவருக்கு வலது கண்ணில் கட்டு. இடது கண்ணிலும் பார்வை மங்கல்.

கான்சாபுரத்தைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே புளியமரம் சாய்ந்து கிடந்தது. வெட்டி எடுக்க மதியம் ஆகும் என்றார்கள். முனீஸ்வரி போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை. நீலப் புள்ளி மட்டும் நின்றது; சுற்றிலும் வெறும் சாம்பல் நிறம். கார்த் திரையைத் தட்டினாள். இடது பக்கம் ஒரு வழி பிரிந்து, ஓடையைக் கடந்து, நேராகப் புதுப்பட்டிக்குப் போவதாகக் காட்டியது.

"இந்த வழி தெரியுமா பெரியம்மா?"

"நாங்க பஸ்ஸுல போறவுக. எனக்கு என்னத்தா தெரியும்?"

நல்ல தார் ரோடுதான். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை என்பதும், தார் வெடிப்பில் புல் முளைத்திருந்ததும் அவள் கண்ணில் பட்டன. மனதில் தைக்கவில்லை. திரையில் கோடு தெளிவாக இருந்தது. வேகத்தைக் கூட்டினாள்.

பெரியவர் காற்று வேண்டும் என்று கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார். திடீரென்று முன் சீட்டைப் பிடித்து உலுக்கினார்.

"தாயி, நிப்பாட்டு! தண்ணி இரைச்சல் கேக்கு, நிப்பாட்டு!"

முனீஸ்வரி பிரேக்கை மிதித்தாள். ஈரத்தில் கார் வழுக்கிக்கொண்டே போய், ஒரு குலுக்கலுடன் நின்றது. கதவைத் திறந்து இறங்கினாள். முன் சக்கரத்திலிருந்து ஆறடி தூரத்தில் ரோடு இல்லை. கத்தியால் வெட்டி எடுத்ததுபோல் தார் முடிந்திருந்தது. கீழே செம்மண் நிறத்தில் வெள்ளம் சுழித்து ஓடியது. எதிர்க்கரையில் பாலத்தின் மிச்சமாக ஒரு தூண் மட்டும் நின்றது. காருக்குள் மேப் திரையின் பெண் குரல், "நேராகச் செல்லவும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

 முனீஸ்வரி அப்படியே ஈரத் தாரில் உட்கார்ந்துவிட்டாள்.  முத்தாத்தாள் இறங்கி வந்து பார்த்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தோப்புக்குள்ளிருந்து ஆடு மேய்க்கிற சோணைமுத்து ஓடிவந்தார்.

"ஏத்தா, இங்கன எதுக்கு வந்தீக? பாலம் அடிச்சுட்டுப் போயி நாலு வருசமாச்சே!"

"நாலு வருசமா?" என்றாள் முனீஸ்வரி.

"பலகை நட்டிருந்தாக. காத்துல விழுந்துச்சு, பொறவு யாரும் நடல."

திருப்ப இடமில்லை. சோணைமுத்து பின்னால் நின்று கை காட்ட, கால் பர்லாங்கு தூரம் பின்னோக்கியே வந்தாள். மரத்தை வெட்டி முடிக்கும்வரை காத்திருந்து, அவர்களை வீட்டில் சேர்த்தாள். "ஒண்ணும் ஆகலையே, விடு தாயி" என்றார் பெரியவர். 

மூன்று நாள் முனீஸ்வரி வண்டியைத் தொடவில்லை. நான்காம் நாள் ஜோயல் கடையில் போய் நின்றாள். "எம்புட்டு ஆனாலும் சரி, அப்டேட் போடு." அவன் கம்பெனி தந்திருந்த கடைசி மேப்பை பென் டிரைவில் இறக்கிப் போட்டான். இருவரும் கான்சாபுரத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஓடை இருந்தது. அதன் மேல் பாலமும் இருந்தது.

"இதுலயுமா?" என்றாள். 

"இந்த மாடலுக்கு இனிமே அப்டேட் கிடையாதுக்கா. நிப்பாட்டிட்டாக."

போனில் பார்த்தார்கள். அந்த வழி மூடியிருப்பதாக யாரோ குறித்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டார மேப் முழுவதையும் சிக்னல் இல்லாமலே திறக்கும்படி ஜோயல் இறக்கிக் கொடுத்து, போன் மாட்டும் பிடியையும் பொருத்தினான். அவள் கார்த் திரையில் மேப்பை அணைக்கச் சொன்னாள். இப்போது அதில் பாட்டு மட்டும் கேட்கிறாள். புது வழி என்றால் போனைப் பார்த்த பிறகும் டீக்கடையில் ஒருமுறை நிறுத்திக் கேட்காமல் போவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்த பாண்டிதுரையைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனாள். சோணைமுத்துவும் சேர்ந்து, ரோட்டின் குறுக்கே ஒரு தென்னந்தடியைப் புரட்டிப் போட்டு, அதில் சிவப்புச் சேலைத் துணியைக் கட்டினார்கள். தன் போன் நம்பரைச் சோணைமுத்துவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு சோணைமுத்து, சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டார்.

"ஏத்தா, ஒரு ஸ்கூல் வேன் தடி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சு. பிள்ளைக இருபது இருக்கும்."

"துணி அவிழ்ந்தா சொல்லுங்கண்ணே, இன்னொண்ணு கொண்டாரேன்" என்றாள் முனீஸ்வரி. போனை வைத்துவிட்டு, இன்னொரு சிவப்புச் சேலையை எடுத்துவைக்க வீட்டுக்குள் போனாள்.