பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில், ஈப்போவில் எங்கள் தோட்ட நிர்வாக அலுவலகத்துக்கு ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு விதிமுறைகள் எழுதியவன் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தரான நான். வெள்ளிதோறும் கோப்புகளை டிஸ்கெட்டில் பிரதி எடுக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும். இரண்டையும் எல்லாரும் பின்பற்றினார்கள். ஆயுத பூஜையைப் பற்றி விதிமுறையில் ஒன்றுமில்லை.

பூஜையன்று காலை நான் வேலையாகத் தாப்பா ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் டைப்பிஸ்ட் பெண் தராசையும் டைப்ரைட்டரையும் துடைத்துவிட்டு, பழைய டிஸ்கெட் ஒன்றையும் அழித்துச் சுத்தமாக்க நினைத்திருக்கிறார். கட்டளையை அடித்தவர், எந்த டிஸ்க் என்று சேர்க்க மறந்துவிட்டார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அப்படியானால் தன் வயிற்றையே, அதாவது ஹார்ட் டிஸ்கையே, வழித்துக்கொள்ளும். தொடரலாமா என்று அது கேட்டது. நல்ல நாளில் இல்லை என்று சொல்வானேன் என்று அவர் ஆம் என்றார். பிறகு எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். பிரதி டிஸ்கெட்டுகளின் உறையில், உள்தகடு தெரியும்படி நீள்வட்டத் திறப்பு ஒன்று இருக்கும். பொட்டுக்கென்றே விட்ட இடம்போல் தெரிந்ததாம்.

"அண்ணே, மெஷின் ஒன்னும் காட்ட மாட்டேங்குது லா," என்றார் நான் வந்ததும்.

"உங்க அப்பா கோப்பு அதுலதானே இருக்கு?" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் மெஷினை அணைத்தேன்.

அவருடைய அப்பா ஆயுள் முழுக்க ரப்பர், தென்னைத் தோட்டங்களில் உழைத்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு, குடியுரிமை இல்லாமல் இருந்தவர். குடியுரிமை மனுவுக்காக, எந்தத் தோட்டம், மேற்பார்த்த மண்டோர் யார், எத்தனை வருஷம் என்று மதிய இடைவேளைகளில் வந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சொல்லி முடித்த சில நாளில் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வரும் செவ்வாய்க்கிழமை குடியுரிமை நேர்காணல். இனி அந்தக் காகிதம்தான் அவருக்கு வாய். அதை அச்சடிக்க, பிரிண்டருக்கான புது ரிப்பனுக்குக் காத்திருந்தோம்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "போனது போச்சு. ஆன் பண்ணி எல்லாத்தையும் புதுசா ஏத்துங்க."

அழிந்தது பொருளடக்கம்தான், பக்கங்கள் உள்ளேயே இருக்கும், மேலே எதையாவது எழுதினால்தான் போகும் என்று விளக்கினேன். என் விளக்கங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மரியாதையே கிடைத்தது. அவர் கை சுவிட்சுக்குப் போனது.

"பாஸ், பூஜை போட்ட சாமானை இன்னிக்கி தொடக்கூடாது," என்றார் டைப்பிஸ்ட்.

கை நின்றது. "சரி லா. நாளைக்கு."

எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் பலமாகத் தலையாட்டினேன்.

பிற்பகல் முழுக்க உட்கார முடியவில்லை. பஞ்சால் பிரதி டிஸ்கெட்டைத் துடைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சிக்கனம் பார்க்கும் முதலாளி, சந்தனம் மட்டும் அசலாக வாங்குவார். அது காந்தப் பூச்சையும் உரித்துக்கொண்டு வந்தது. கடை கடையாக ஏறி, மீட்பு புரோகிராம் ஒன்றை இரவல் வாங்கினேன். நடுநடுவே அலுவலகத்துக்குத் திரும்பி, யாரும் சுவிட்சைப் போடவில்லையே என்று பார்த்தேன். பார்த்துவிட்டுப் போனவன், தெருமுனையிலிருந்து மறுபடி வந்து பார்த்தேன்.

மறுநாள் அந்தப் புரோகிராமை ஓட்டியதும் கோப்புகள் பெயரில்லாமல், வெறும் எண்களாக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தோம். உரம், லாரி, மறுபடி உரம். கடைசியில் அப்பா. ஆனால் நடுவில், பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு வேலை செய்த காலம் இருந்த இடத்தில் டீசல் கணக்கு உட்கார்ந்திருந்தது.

சிம்பாங் பூலாயில் இருந்த அவர்கள் வீட்டில் மகள் அதை வாசித்துக் காட்டினார். அப்பா தோட்டத்துக்குத் தோட்டம் தலையசைத்தார்.

"பாகான் டத்தோவுல எத்தனை வருஷம்ப்பா?"

அவர் வாதம் வராத இடது கையை உயர்த்தினார். நான்கு விரல்கள். கட்டைவிரலை மடக்கியிருந்தாரா, அது நீளவே இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. மகள் "நாலா?" என்றார். அப்பா தலையசைத்தார். வாசித்ததற்கெல்லாம் அவர் அப்படித்தான் அசைத்தார். அலுவலகம் திரும்பி நான்கு என்று தட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாரியின் பேனா அந்த வரியில்தான் நின்றது. எத்தனை வருஷம் என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா கையை உயர்த்தினார். பின் பெஞ்சில் இருந்த எனக்குப் புறங்கைதான் தெரிந்தது, கட்டைவிரல் தெரியவில்லை. எழுந்து பார்க்கவும் முடியாது. அதிகாரி கையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், ஏற்பு முத்திரையை எடுத்தார்.